யு.பி.எஸ்.ஆர். இல்லாத காலத்தில் நல்ல பள்ளியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

4 ஆகஸ்ட் 2025, வாசகர் கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா)

மகளை 2027இல் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். போய்வரும் தூரத்தில் மூன்று தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் எழுதும் தேசியத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். முடிவு வந்ததும் எத்தனை பேர் 7ஏ, எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்று பத்திரிகையில் பார்த்து முடிவு செய்வார்கள். இப்போது அதற்கும் வழியில்லை. அமெரிக்காவில் தேர்வு மதிப்பெண்ணைக் கைவிட்டு, எத்தனை பேர் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வருகிறார்கள் என்ற விகிதத்தை வைத்துப் பள்ளியை அளக்கிறார்கள் என்று படித்தேன். அதுதான் நேர்மையான அளவுகோல் என்று எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன். முதலில் தகவல். அமெரிக்கா தேர்வைக் கைவிடவில்லை. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2015இல் வந்த சட்டம் அந்தத் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மாணவர்கள் படிப்பை முடிக்காமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளைத் தனியே கவனிக்கச் சொல்கிறது. இரண்டு அளவுகோலும் அங்கே இருக்கின்றன, இரண்டிலும் தில்லுமுல்லு நடந்திருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். யாராவது 99 விழுக்காடு என்று தாளை நீட்டினால், எத்தனையில் 99 என்றுதான் முதலில் கேட்போம். பழுதானவற்றைச் சோதனை மேசைக்கு வருவதற்கு முன்பே தனித்தட்டில் எடுத்து வைத்துவிட்டால் எந்த வரிசையும் நூற்றுக்கு நூறு காட்டும். பள்ளிக் கணக்கிலும் எனக்கு அந்தக் கேள்விதான். தட்டில் யாரை எடுத்து வைத்தீர்கள்?

5 ஆகஸ்ட்

கொரோனாவால்தான் யு.பி.எஸ்.ஆரை ஒழித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2020 தேர்வு ரத்தானது கொரோனாவால். தேர்வையே ஒழிப்பதாக அறிவித்தது 2021 ஏப்ரலில்; வகுப்பறை மதிப்பீட்டுக்கு மாறுவதாக அமைச்சு சொன்னது. அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 தேர்வும் போனது. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் விடைத்தாளைத் திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே. 2025 நிலவரப்படி, பள்ளிக்கு வெளியே ஒருவர் திருத்தும் முதல் தேசியத் தேர்வு, இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தான்.

7 ஆகஸ்ட்

சொன்னபடி அமெரிக்கக் கதை.

வாஷிங்டன் நகரில் பாலூ என்று ஓர் உயர்நிலைப் பள்ளி. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. 2017இல் பட்டம் பெற்ற அத்தனை பேருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று நாடே கொண்டாடியது. சில மாதங்கள் கழித்து வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று மாதங்களுக்கும் மேல் வகுப்புக்கே வரவில்லை. பிறகு நகர நிர்வாகமே ஆள் வைத்துப் பார்த்தபோது, அந்த ஆண்டு நகரின் அரசுப் பள்ளிகளில் பட்டம் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விதியை மீறிச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. விகிதத்தைக் கேட்டார்கள், விகிதத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று ஹூஸ்டன். ஷார்ப்ஸ்டவுன் பள்ளியில் 2001-02 கல்வியாண்டில் ஏறக்குறைய 1,700 மாணவர்கள். ஆண்டுக்குள் 463 பேர் காணாமல் போனார்கள். படிப்பை நிறுத்தியவர்கள் என்று பள்ளி காட்டிய எண்ணிக்கை சுழியம். வேறு பள்ளிக்குப் போய்விட்டான், சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று ஆளுக்கொரு குறியீடு போட்டு மூடிவிட்டார்கள். அந்த நகரப் பள்ளிகளை நடத்திய ராட் பேஜ் 2001இலேயே நாட்டின் கல்விச் செயலராகிவிட்டார் என்பது உபரித் தகவல்.

8 ஆகஸ்ட்

"அப்படியானால் தேர்வுதான் யோக்கியம்" என்று துள்ளும் நண்பருக்கு: அட்லாண்டா. 2011இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கைப்படி 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் மாணவர் விடைத்தாள் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். தவறான விடையை அழித்துவிட்டுச் சரியானதைக் குறித்திருக்கிறார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. துள்ளலைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

12 ஆகஸ்ட்

அமெரிக்காவை ஏன் இழுக்கிறீர், நம் ஊரில் அப்படி நடக்காது என்று எழுதியவருக்காக இது. நீளமாக வரும்.

2010இல் அரசாங்க உருமாற்றத் திட்டத்தின்கீழ் பள்ளிகளை ஒன்று முதல் ஏழு வரை தரம் பிரித்தார்கள். புள்ளியில் 70 விழுக்காடு பள்ளியின் சராசரித் தேர்வுத் தரம், 30 விழுக்காடு பள்ளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பீடு. உச்சியில் இருக்கும் இரண்டு விழுக்காட்டுப் பள்ளித் தலைவர்களுக்கு 7,500 ரிங்கிட் வெகுமதி. ஆரம்பப் பள்ளிக்குத் தேர்வு என்றால் யு.பி.எஸ்.ஆர். ஒன்றுதான். ஆக ஆறாண்டுப் பாடம் முழுவதும் செப்டம்பர் மாதத்தின் சில நாள்களில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் நான் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர். பள்ளிப் பெயர் வேண்டாம். ஆறாம் ஆண்டுக்கு ஜனவரியிலேயே உடற்கல்வி நேரம் கணிதமாகிவிடும். சனிக்கிழமை மிகுநேர வகுப்பு, விடுமுறையில் கருத்தரங்கு, கருத்தரங்குக்கு மீ கோரேங் பொட்டலம், எல்லாம் என் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து நவம்பர் வரை பிள்ளைகள் கேரம் விளையாடுவார்கள். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

மலாய்க் கட்டுரைக்கு மாதிரிகளை மனப்பாடம் செய்யவைப்பார்கள். பிறை நகரில் மலிவுவிலை அடுக்குமாடியில் வளர்ந்த பையன் ஒருவன் முன்னோட்டத் தேர்வில், தாத்தாவின் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போய் ஆற்றில் குளித்து, ரம்புத்தான் பறித்து, பாட்டி சமைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டதாக எழுதியிருந்தான். அவனுடைய தாத்தா அதே மாடியில் இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தார். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அடுத்த மேசைப் பெண்ணும் அதே ஆற்றில் குளித்திருந்தாள்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்தில் தேர்ச்சி இலக்குத் திரையில் ஓடியது. பட்டியலில் பின்வரிசைப் பையன்கள் இருவரின் பெயர் இல்லை. கேட்டேன். "அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள் சார்" என்று பதில். வீட்டில் பேசியாகிவிட்டதாம், தேர்வு வாரத்தில் உடம்பு சரியில்லாமல் போகுமாம். அந்த ஆண்டு நுழைவாயிலில் கட்டிய பதாகையில் நூறு விழுக்காடு தேர்ச்சி. பதாகைக்குப் பணம் கொடுத்த ரசீதில் என் கையெழுத்து.

13 ஆகஸ்ட்

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என்னைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். நியாயமாகத்தான் திட்டியிருக்கிறார். அவர் வாதம் இது: தோட்டத்துப் பிள்ளையும் நகரத்து டாக்டர் மகனும் ஒரே தாளில், ஒரே நாளில், பெயர் தெரியாத ஒருவர் திருத்தும்படி எழுதியது அந்த ஒரு தேர்வில்தான். அதை எடுத்துவிட்டால் பிள்ளையின் நிலை பெற்றோருக்கு எப்படித் தெரியும்? வகுப்பறை மதிப்பீட்டில் மூன்று, நான்கு என்று தரம் வருகிறது. அதை வாசிக்கத் தெரிந்த அப்பா எத்தனை பேர்?

இது என்னை யோசிக்கவைத்தது. தேர்வு ஒழிந்துவிட்டது என்பதும் பாதி உண்மைதானே. முழு விடுதிப் பள்ளிகளுக்கு முன்பு யு.பி.எஸ்.ஆர். முடிவைப் பார்த்தார்கள், இப்போது பி.கே.எஸ்.கே. என்று தனித்தேர்வு. விண்ணப்பித்தால்தான் எழுத முடியும். அப்படி ஒன்று இருக்கிறது என்று வீட்டில் தெரிந்தால்தான் விண்ணப்பிப்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் எழுதிய தேர்வு போய், விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதும் தேர்வு வந்திருக்கிறது.

டீச்சர், தேர்வு வேண்டும் என்ற கட்சிக்குக் கொஞ்சம் நகர்கிறேன். பதாகை வேண்டாம் என்பதில் நகர மாட்டேன்.

13 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

பதாகையில் போட்ட விழுக்காட்டைப் பற்றி இன்னொரு சங்கதி. நம் பள்ளிகளில் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகள். ஆறாம் ஆண்டில் எட்டுப் பேர் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே பன்னிரண்டரை விழுக்காடு போய்விடும். போன ஆண்டு 100, இந்த ஆண்டு 75 என்று தலைமையாசிரியரைப் பிடித்து உலுக்கிய கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான்.

16 ஆகஸ்ட்

இழை எங்கோ போய், 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய பெருமைக்கு வந்து நிற்கிறது. பெருமைதான். இருநூறு ஆண்டைத் தாண்டிவிட்டோம், மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பட்டர்வொர்த் நண்பருடைய மகளுக்கு அதில் எது என்பதுதான் கேள்வி. திரும்பி வாருங்கள்.

20 ஆகஸ்ட்

படிப்பை முடித்தோர் விகிதம் நம் ஊருக்கு வந்தால் எங்கே கடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புகுமுக வகுப்பில் கடிக்கும்.

அமெரிக்கக் கணக்கு இப்படி: ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக நுழைந்தவர்களை எடுத்துக்கொள்வார்கள். வந்து சேர்ந்தவர்களைக் கூட்டி, மாறிப் போனவர்களையும் இறந்தவர்களையும் கழிப்பார்கள். நான்கே ஆண்டில் முடித்தவர்கள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். ஐந்தாம் ஆண்டில் முடித்தவன் அந்தக் கணக்கில் முடிக்காதவன்தான்.

நம் பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டுக்குப் பிறகு தமிழ்ப்பள்ளி கிடையாது, தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் போக வேண்டும். மலாய்மொழியில் குறைந்தபட்ச நிலையை எட்டாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். தேசியப் பள்ளியில் படித்த பையன் ஐந்தாண்டில் எஸ்.பி.எம். எழுதுகிறான், நம் பையன் ஆறாண்டில் எழுதுகிறான். "உரிய காலத்தில் முடித்தவர்கள்" என்று யாராவது ஒரு கட்டம் போட்டால், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிள்ளையும் அதற்கு வெளியே நிற்பான். 2025 ஜூலையில் இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியிருக்கிறது. இனி யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்ற கணக்கு கட்டாயம் வரும். இந்தக் கட்டத்தை எப்படிப் போடுவார்கள் என்று நம் ஆள்கள் இப்போதே கேட்க வேண்டும்.

21 ஆகஸ்ட்

புகுமுக வகுப்பு வீண் என்று எழுதியவருக்கு: என் தொழிற்சாலையில் எனக்கு மேலதிகாரியாக இருப்பவர் புகுமுக வகுப்பில் இருந்தவர். என் விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

31 ஆகஸ்ட்

விடுமுறை நாள், உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த நான்காண்டு விகிதம் 2010-11இல் 79 விழுக்காடு, 2018-19இல் 86. எட்டே ஆண்டில் ஏழு புள்ளி. அதே காலத்தில் 12ஆம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினரை மாதிரிக்கு எடுத்து வைக்கும் தேசியத் தேர்வில் வாசிப்பு 2015ஐவிட 2019இல் இறங்கியிருந்தது, கணிதம் அசையவில்லை. அதிகம் பேர் முடித்தார்கள், ஆனால் அதிகம் கற்றார்களா என்றால் இல்லை. தேர்வுக் கட்சிக்காரர்கள் இதைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரிப்புக்குப் பதில் வியட்நாமில் இருக்கிறது. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பீசா தேர்வில், 2012இல் வியட்நாம் பிள்ளைகள் கணிதத்தில் 511 எடுத்தார்கள், நாம் 421. உலகமே வியந்தது. ஆனால் பீசா பள்ளியில் இருப்பவர்களுக்கு மட்டும் வைக்கும் தேர்வு. அந்த வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினர்தான் அந்தத் தேர்வின் வரம்புக்குள் வந்தார்கள். மற்றவர்கள் வயலிலோ பட்டறையிலோ இருந்திருப்பார்கள். நன்றாகக் கற்பித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் மட்டும் யோக்கியமா? 2015 பீசாவில் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 51 விழுக்காடுதான் பங்கெடுத்தது என்று நம் நாட்டைத் தரவரிசையில் சேர்க்காமல் விட்டார்கள்.

இரண்டையும் ஒரே எண்ணில் கட்டிப் பார்த்தது உலக வங்கி. 2020 கணக்குப்படி மலேசியப் பிள்ளை 18 வயதுக்குள் 12.5 ஆண்டு பள்ளியில் இருக்க எதிர்பார்க்கலாம். கற்றதை வைத்துக் கணக்கிட்டால் அது 8.9 ஆண்டாகச் சுருங்குகிறது. மீதி மூன்றரை ஆண்டுக்கு மேல் பெஞ்சில் இருந்திருக்கிறது, தலைக்குள் போகவில்லை. எனக்குப் பிடித்த எண் இதுதான். ஆனால் நாட்டுக்குத்தான் இந்த எண் இருக்கிறது, பட்டர்வொர்த் பள்ளி எதற்கும் இல்லை.

14 செப்டம்பர்

டீச்சரும் நானும் தனியே பேசிக்கொண்டதில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. 2019இல் ஆறாம் ஆண்டு படித்தவர்கள்தான் யு.பி.எஸ்.ஆர். எழுதிய கடைசிக் கூட்டம். நேரே போனவர்கள் 2024 எஸ்.பி.எம். எழுதி, கடந்த ஏப்ரலில் முடிவும் வந்துவிட்டது. புகுமுக வகுப்புக்குப் போனவர்கள் இந்த ஆண்டு எழுதுகிறார்கள். என் இளைய மகளின் வகுப்பு அது. ஒரு தமிழ்ப்பள்ளியின் இரண்டு முனையையும் சேர்த்துப் பார்க்க இதைவிட வாகான வகுப்பு இனிக் கிடைக்காது.

பள்ளியில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் கோப்பு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறது, திரும்பி ஒரு சேதியும் வருவதில்லை. ஆறாண்டு வளர்த்த பள்ளிக்கே பிள்ளை எஸ்.பி.எம். எழுதினானா என்று தெரியாது.

பயிற்சிப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு மூன்று பத்தி: எழுதினார், எழுதவில்லை, தெரியவில்லை. என் மனைவி கோயிலில் பார்க்கும் அம்மாக்களிடம் விசாரிக்கிறார். மூன்றாவது பத்திதான் நீளமாகப் போகிறது. பழைய வாட்ஸ்அப் குழுவில் பாதி எண்கள் உயிரோடு இல்லை.

23 செப்டம்பர்

ஒரு பையனைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஜொகூரில் வேலை செய்கிறான், சிங்கப்பூர் போய்விட்டான், உறுமி மேளக் குழுவோடு சுற்றுகிறான். அவனைப் பிறையில் ஒரு கார் கழுவும் இடத்தில் பார்த்தேன். ரப்பர் காலணி, தோளில் துண்டு. என்னை அடையாளம் கண்டு "அங்கிள்" என்றான். 2019இல் கணிதத்தில் ஏ எடுத்தவன், பதாகையில் படம் வராவிட்டாலும் பெயர் வந்தது.

எஸ்.பி.எம். எழுதியிருக்கிறான். மலாய்மொழியில் தேர்ச்சி, கணிதத்தில் நல்ல தரம். வரலாற்றில் கோட்டைவிட்டுவிட்டான். 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். ஆக அவனிடம் முடிவுத் தாள் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. மலாய்மொழி, வரலாறு, கணிதம் மூன்றுக்கும் மறுதேர்வு இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. இடைநிலைப்பள்ளியில் யாரும் சொல்லவில்லையாம்.

இவனை எந்தப் பத்தியில் எழுதுவது? யு.பி.எஸ்.ஆர். கணக்கில் தமிழ்ப்பள்ளி ஜெயித்தது. வருகைக் கணக்கில் இடைநிலைப்பள்ளி ஜெயித்தது, கடைசி நாள்வரை வந்திருக்கிறான். சான்றிதழ் கணக்கில் அவன் விழுக்காட்டுக்கு வெளியே. நாலாவது பத்திக்கு ஒரு கோடு போட்டேன்.

25 செப்டம்பர்

பிள்ளைகளின் தனிப்பட்ட விவரம் சேர்ப்பது சரியா என்று கேட்டவருக்கு: புத்தகம் டீச்சர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு பெயரும் இங்கே வராது. மொத்த எண்ணிக்கையைக்கூட பள்ளியிடம் கேட்ட பிறகுதான் சொல்வேன். அதை வைத்து இன்னொரு பதாகை கட்டிவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு.

6 அக்டோபர்

பட்டர்வொர்த் நண்பர் மூன்று பள்ளிகளுக்கும் போய்வந்துவிட்டார். நான் சொன்னபடி "2019 ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே?" என்று கேட்டிருக்கிறார். முதல் பள்ளியில் கோப்பைகள் இருக்கும் அலமாரியைக் காட்டினார்கள். இரண்டாவது பள்ளியில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். மூன்றாவதில், மூன்றாம் ஆண்டுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சிற்றுண்டிச்சாலையில் நின்றபடியே ஏழெட்டுப் பெயர்களைச் சொல்லி, இவன் பாலிடெக்னிக், இவள் ஆறாம் படிவம், இவன் அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டான், நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன் என்றாராம். நண்பருக்கு அந்தப் பள்ளியே பிடித்துவிட்டது. ஓர் ஆசிரியையை வைத்துப் பள்ளியை எடைபோடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கு வேன் வசதி இல்லை என்பது வேறு பிரச்சினை. வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றபடி, பிறைப் பையன் வரலாறு மறுதேர்வு எழுதச் சம்மதித்துவிட்டான். பதிவு விவரங்களை டீச்சர் பார்த்துக்கொள்கிறார். நான்காம், ஐந்தாம் படிவ வரலாற்றுப் பாடநூல்கள் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பிறை, பட்டர்வொர்த் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.